கை கொடுத்தவர்கள்

கார்வின் என்ற ஊரில் ஒருவன் படித்தவனா, பண்புள்ளவனா என்றெல்லாம் யாரும் விசாரிக்கமாட்டார்கள். கையைக் குலுக்கிப் பார்ப்பார்கள். பிடி இறுக்கமாக இருந்தால் ஆள் நல்லவன். தளர்ந்திருந்தால் வாடிப்போன வெண்டைக்காய், அவனோடு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ஜின்னிங் மில் முதலாளி முதல் பாதிரியார் வரை எல்லோரும் இந்த ஒரே தராசில்தான் மனிதர்களை நிறுத்தார்கள். டெக்சஸின் வடமேற்கு மூலையில், பருத்தியையும் புழுதிக் காற்றையும் தவிர வேறெதையும் காணாத அந்த ஊரில், இந்த அசட்டுத்தனத்துக்கு மரியாதை என்று பெயர்.

கிராசியேலா இபார்ரா அதே ஊரில் பிறந்தவள்தான். ஆனால் அவள் பதினெட்டு வருடமாகக் கைகளுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட். உடைந்த விரல், தைத்த நரம்பு, இயந்திரத்தில் மாட்டிய மணிக்கட்டு என்று அவள் மேஜைக்கு வராத கை இல்லை. ஒரு கட்டைவிரலை மறுபடி மடங்க வைப்பதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கெடுக்க இரண்டு நொடி போதும் என்பதும் தெரியும். அதனால் ஊர் மரியாதையின் மேல் அவளுக்கு மரியாதை குறைந்துகொண்டே வந்தது. இந்த வருடம் அது அறவே போய்விட்டது. காரணம் வேட் கிம்ப்ரோவின் வலது கை.

வேட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவாட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும், அங்கிருந்துதான் ஆட்டமே. இருபத்திரண்டு வயது, கடைசி வருடம். செப்டம்பரில் மூன்றாவது ஆட்டத்தில் அவன் பந்தை எறிந்த வேகத்தில், இறங்கிய கை எதிரணிக்காரன் ஹெல்மெட்டில் மோதியது. கட்டைவிரலின் அடியில் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார் அறுந்தது. லப்பக் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். பிறகு கிராசியேலாவிடம் அனுப்பினார்கள்.

அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சாவியைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துகிற சின்னக் கருவி ஒன்று உண்டு. எவ்வளவு பலம் என்று அதன் முள் காட்டும். வேடின் இடது கைக்கு அது இருபத்தைந்து காட்டியது. வலது கைக்கு இருபது வந்தால் ஆடலாம். வராவிட்டால், கடைசி ஆட்டமாக இருந்தாலும் சரி, உட்காரவேண்டியதுதான். கடைசி ஆட்டம் நவம்பர் நடுவில், சனிக்கிழமை. அந்த ஒரு ஆட்டத்தையாவது ஆடிவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை. முன்னூறு மைல் தள்ளி ஸ்கூல் பஸ் ஓட்டுகிற அவன் அம்மா, அதைப் பார்க்க லீவு சொல்லி வைத்திருந்தாள்.

ஏழு வாரத்தில் முள் பூஜ்யத்திலிருந்து பதினைந்துக்கு வந்தது. ஒவ்வொரு எண்ணும் களிமண்ணைப் பிசைந்தும் துணி கிளிப்பை அழுத்தியும் வலியில் பல்லைக் கடித்தும் வாங்கியது. பிறகு ஒரு திங்கட்கிழமை அது பன்னிரண்டு காட்டியது.

கிராசியேலா கருவியைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி அழுத்தச் சொன்னாள். பன்னிரண்டேதான்.

"நேத்து என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலைங்க மேடம்."

"எதையாவது தூக்கினியா? பந்து எறிஞ்சியா?"

"பந்தைத் தொடவே இல்லைங்க மேடம்." கொஞ்சம் யோசித்து, "சர்ச்சுக்குப் போனேங்க" என்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதான் அணியின் கோச் ஸ்ட்ரிக்லர் அவன் விரல் கவசத்தைக் கழற்றச் சொல்லியிருந்தார். கட்டைவிரலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வெள்ளை பிளாஸ்டிக். அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடப்பது, இங்கேதான் அடிபட்டிருக்கிறது என்று எதிரணிக்குப் போர்டு மாட்டுவதுபோல் என்பது அவர் வாதம். பயிற்சி நேரத்தில் மட்டும் போட்டுக்கொண்டால் போதுமாம். கவசம் போனதைப் பார்த்த ஊர், கை சரியாகிவிட்டது என்று முடிவு கட்டி, சர்ச் வாசலில் வரிசையாகக் கையை நீட்டிவிட்டது.

"எத்தனை கை?" என்று கேட்டாள்.

அவன் எண்ணி வைத்திருந்தான். "நாப்பத்தி மூணு பேருங்க மேடம். அதுல மில் முதலாளி ராய்ஸ் சார் ரெண்டு தடவை."

நாற்பத்து மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம். நம்ம கை எப்படி இருக்கு? நம்ம கையாம்! லப்பக்கில் அந்தக் கையை அறுத்துத் தைத்த அன்று, காத்திருக்கும் அறையில் அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒரு ஈ காக்கை இல்லை. அம்மா பஸ்ஸை விட்டுவிட்டு வரமுடியவில்லை. பையன் இடது கையால் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனான். வலிக்கிற நேரமெல்லாம் அது அவன் கை. சனிக்கிழமை வந்தால் மட்டும் ஊர்ச் சொத்து.

"வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அப்படிச் சொன்னா தப்பா நினைப்பாங்க மேடம்."

"இடது கையைக் குடு."

அவன் கெட்ட வார்த்தை கேட்டதுபோல் அவளைப் பார்த்தான். அப்படி வளர்த்திருந்தார்கள் அவனை. பெரியவர்கள் எதைச் சொன்னாலும் சரிங்க சார், சரிங்க மேடம். நீட்டிய கையைப் பிடிக்காமல் விடுவது அவன் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை எட்டி உதைப்பதற்குச் சமம். தமக்குக் கீழே இருப்பவர்களுக்கு வாயில்லாமல் செய்துவிட்டு அதற்கு நல்ல வளர்ப்பு என்று பெயர் வைத்தவர்களை நினைத்து கிராசியேலாவுக்கு இன்னும் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு தசைநாரை ஒட்டமுடியாது.

அன்றிலிருந்து அவள் ஒரு புதுப் பயிற்சியைச் சேர்த்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பயிற்சி. களிமண் பிசைந்து முடித்ததும் அவனை எழுந்து நிற்கச் சொல்வாள். எதிரில் வந்து நின்று, முகம் மலரச் சிரித்து, கையை நீட்டுவாள். அவன் கையைக் கீழேயே வைத்துக்கொண்டு "இல்லைங்க சார்" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். பத்துத் தடவை, மூன்று சுற்று.

முதல் நாள் முப்பது தடவையும் அவன் கை தானாக எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தது. பிடித்த பிறகுதான் அவனுக்கே தெரியும். "மன்னிச்சுக்குங்க மேடம்" என்பான். மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு முறை கையைக் குலுக்குவான். பக்கத்து மேஜையில் ஒத்தடத்துக்காகச் சூடான மெழுகுத் தொட்டிக்குள் கையை விட்டு உட்கார்ந்திருந்த தபால்காரி ஜோலீன் சிரித்துச் சிரித்து மெழுகைச் சிந்தினாள்.

"மிஹோ, இந்தக் கை என்ன நாய்க்குட்டியா? விசில் அடிச்சா ஓடி வருது" என்றாள் கிராசியேலா. கோபம் குறைந்தால் அவள் வாயில் வீட்டு ஸ்பானிஷ் வந்துவிடும். மிஹோ என்றால் மகனே. அவனை அவள் இரண்டாவது வாரத்திலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டாள்.

நாலாம் நாள் கை பாதி தூரம் வந்து நின்றது. எட்டாம் நாள் வரவில்லை. ஆனால் 'இல்லை' என்று சொல்ல வாய் திறக்கவில்லை. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தாள். காய்ச்சல் என்று அறையிலேயே படுத்துக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமை முள் பதினேழைத் தொட்டது. கைகுலுக்காத ஒரே ஒரு வாரம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மகிழ்ச்சி புதன்கிழமை காலை வரைக்கும்தான். அன்று உள்ளூர் வானொலியில் ராய்ஸ் மெக்கிலெண்டன் பேசினார். ஜின்னிங் மில் முதலாளி, அணியின் ரசிகர் மன்றத் தலைவர். வாரா வாரம் காலை உணவுக் கடையிலிருந்து ஆட்டத்தைப் பற்றி வாய் கிழியப் பேசுவார். வேடின் கையைப் பற்றி டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். டாக்டர் கிடக்கட்டும் என்றார் ராய்ஸ். வியாழக்கிழமை மன்ற விருந்து இருக்கிறதே, அங்கே எல்லார் முன்னாலும் அந்தப் பையன் கையைத் தானே பிடித்து இறுக்கிப் பார்க்கப் போவதாகவும், நாற்பது வருடமாகக் கை பிடித்தே ஆளை எடை போட்டவன் என்பதால் சனிக்கிழமை ஜெயிப்போமா தோற்போமா என்று அங்கேயே சொல்லிவிடுவதாகவும் அறிவித்தார். கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கிராசியேலா காபியை அப்படியே வைத்துவிட்டு நேராகக் கோச்சின் அறைக்குப் போனாள். ஸ்ட்ரிக்லர் கெட்டவர் இல்லை. ஊருக்குப் பயந்தவர். அது சில நேரம் கெட்டவனைவிட மோசம். கட்டைவிரல் இன்னும் முழுதாக ஒட்டவில்லை, ராய்ஸின் பிடியில் தையல் விட்டுப்போகலாம் என்று அவள் வரைபடம் போட்டுக் காட்டினாள். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை குலுக்கமுடியாதவன் பந்தை எப்படி எறிவான் என்று கேட்டார். பந்து திருப்பி அழுத்தாது என்றாள் அவள். விருந்துக்கு மட்டும் கவசத்தைப் போடட்டும் என்று கெஞ்சிப் பார்த்தாள். எதிரணி ஊரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், கூடாது என்றார். வரவேற்பு வரிசையில் நிற்காமலாவது இருக்கட்டும் என்றாள். அதற்கு அவர் சொன்ன பதிலை அவள் பல நாள் மறக்கவில்லை.

"கிராசி, ராய்ஸ் நமக்கு எவ்வளவோ பண்ணியிருக்காரு. அவரு கேக்கறது என்ன? ஒரு கை. ரெண்டு நிமிஷம்."

"அவரு ஏதோ ஒரு கையைக் கேக்கலை கோச். அந்தப் பையன் கையைக் கேக்கறாரு."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பதுபோல் கோச் கையை விரித்தார்.

விருந்து வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில். நாள் முழுக்கப் புகையில் வெந்த மாட்டு நெஞ்சுக்கறியின் வாசனை வாசல் வரை வந்தது. பீன்ஸ், ஊறுகாய், பீச் பழப் பலகாரம், இனிப்பு டீ. ஆண்கள் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்கள். மேடைக்குக் கீழே ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். வேட் நடுவில், வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பட்டன். கிராசியேலா விருந்துக்கு அழைக்கப்படவில்லை. அதனால் டீ ஊற்றுகிற மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

முதலில் வந்தவர்கள் ராய்ஸ் வரட்டும் என்று வேடின் கையைத் தொடாமல் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். கோயில் தேங்காயை முதலில் யார் உடைப்பது என்பதுபோல் அவ்வளவு மரியாதை. பிறகு ராய்ஸ் வந்தார். ஆறடி இரண்டு அங்குலம், பெல்ட்டில் வெள்ளி பக்கிள். அவர் கையை நீட்டியபோது கிராசியேலாவின் கண் பழக்கத்தால் கட்டைவிரலின் அடிக்குத்தான் போனது. அங்கே மூட்டு புடைத்திருந்தது. தேய்ந்துபோன மூட்டு. இப்படிப்பட்டவர்களை அவள் தினம் பார்க்கிறாள். தங்களுக்கு வலிக்கும் முன்னால் எதிராளியை இறுக்கிவிடுவார்கள். முதலில் இறுக்குகிறவனுக்கு வலி குறைவு. இந்த ஊரின் வீரமெல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அருவருப்பும் சேர்ந்து வந்தன.

"என்ன ராசா, நம்ம கை எப்படி இருக்கு? காட்டு பார்ப்போம்" என்றார் ராய்ஸ். யாரோ கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள்.

வேடின் கை இடுப்பிலிருந்து எழுந்தது. பாதி தூரம் வந்தது. அங்கே நின்றது. பிறகு, தண்ணீருக்குள் இறங்குவதுபோல் மெதுவாகக் கீழே போனது.

"இல்லைங்க சார்" என்றான்.

குரலில் திமிர் இல்லை. ராய்ஸ் காது கேட்காததுபோல் சிரித்தார். நீட்டிய கையை எடுக்கவில்லை. "சும்மா பிடிப்பா, கடிக்கமாட்டேன்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"இல்லைங்க சார். இன்னும் ஆறலைங்க. சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் நானே வந்து குடுக்கறேங்க."

இதைவிடப் பணிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்லமுடியும்? ஆனால் ராய்ஸின் முகத்தில் ரத்தம் ஏறியது. நீட்டிய கை அந்தரத்தில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இருநூறு பேரும், தங்கள் கைதான் தொங்குவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் ராய்ஸ் அந்தக் கையாலேயே தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். வரிசை அதற்குப் பிறகு நகரவில்லை. கறி ஆறிப்போனது. கோச் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேட் வந்தான். இருவரும் விருந்தைப் பற்றிப் பேசவில்லை. அவள் கருவியை அவன் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். அவன் கண்ணை மூடி அழுத்தினான். முள் பதினெட்டு, பத்தொன்பது என்று ஏறி, இருபதில் நின்றது. மூன்று தடவை அழுத்தச் சொன்னாள். மூன்று தடவையும் இருபது. அவள் அன்றே டாக்டருக்குத் தெரிவித்து, ஆடலாம் என்ற தாளில் கையெழுத்து வாங்கி, தானே கொண்டுபோய்க் கோச்சின் மேஜையில் வைத்தாள். அவர் நன்றி சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சனிக்கிழமை வேட் ஆடவில்லை.

முழு உடுப்பில், ஹெல்மெட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டம் முழுக்க எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றான். அவனுக்குப் பதிலாக இறங்கியவன் பந்தை இரண்டு முறை எதிரணிக்காரன் கையிலேயே எறிந்துகொடுத்தான். நாலு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். பார்வையாளர் வரிசையில் வேடின் அம்மா பஸ் டிரைவர் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்த கிராசியேலாவிடம், கை இன்னும் சரியாகலையா என்று கேட்டாள். சரியாகிவிட்டது என்று சொல்ல கிராசியேலாவுக்கு நா கூசியது. ஆனாலும் சொன்னாள். பெற்றவளிடம் பொய் சொல்லும் வேலையை இந்த ஊர் வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளட்டும்.

அன்று மாலை வானொலியில் கோச்சிடம் காரணம் கேட்டபோது, பயிற்சியாளரின் முடிவு என்று மட்டும் சொன்னார். ராய்ஸ் அப்படி மென்று விழுங்கவில்லை. தனக்கு வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது என்றார்.

"கை கொடுக்காதவன் நமக்கு எங்கேருந்து கை கொடுப்பான்?"

அந்த வாக்கியம் ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முடிதிருத்தும் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். கையைப் பிடித்துக் கெடுக்க வந்தவர் நல்லவர். கையைக் காப்பாற்றிக்கொண்டவன் நன்றி கெட்டவன். உட்காரவைத்தது யார், தோற்றது எதனால் என்று கேட்க அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிராசியேலா வானொலிக்குப் போன் செய்து, அந்தக் கை வெள்ளிக்கிழமையே தேறிவிட்டது, கையெழுத்திட்ட தாள் கோச்சின் மேஜையில் இருக்கிறது என்று சொன்னாள். விளம்பரம் முடிந்ததும் ஒலிபரப்புவதாகச் சொன்னார்கள். ஒலிபரப்பவில்லை.

திங்கட்கிழமை வேட் நேரத்துக்கு வந்தான். ஆட்டம் முடிந்த பிறகும் பயிற்சி உண்டு. கை வாழ்நாள் முழுக்க வேண்டுமே. அவள் கருவியைக் கொடுத்தாள். முள் இருபத்திரண்டு காட்டியது. இதுவரை வந்ததிலேயே அதிகம்.

அவள் சந்தோஷப்பட வாயெடுத்தாள். பிறகு ஏதோ உறைத்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை.

"சர்ச்சுக்குப் போனியா?"

"போனேங்க மேடம்."

"எத்தனை கை?"

அவன் களிமண் உருண்டையை எடுத்துப் பிசைய ஆரம்பித்தான். "ஒண்ணுகூட இல்லைங்க மேடம்" என்றான்.

மூன்று வருடம் அவன் எறிந்த பந்துக்குக் குதித்த ஊர், ஒரு வார்த்தைக்காக வாசலில் அவனைக் கடந்து போயிருக்கிறது. நாற்பத்து மூன்று கைகளையும் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கையைக் குணப்படுத்திய மருந்து அதுதான் என்று நினைத்தபோது கிராசியேலாவுக்குக் கண் மங்கியது. அது அழுகையில்லை, ஆத்திரம். அன்று அவளுக்கு அந்த எண்ணைத் தாளில் எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

பயிற்சி முடிந்து அவன் எழுந்தான். ஒருவராவது செய்யட்டும் என்று அவளும் எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து அவன் எதிரில் நின்றாள். முகம் மலர்த்தி, கையை நீட்டினாள். இந்தத் தடவை நிஜமாகத்தான்.

வேட் அவள் கையைப் பார்த்தான். பல நாளாக மனப்பாடம் செய்த பாடம். இரண்டு கையையும் கீழேயே வைத்துக்கொண்டு, தேறிவிட்ட மாணவனின் சிரிப்போடு நிமிர்ந்து நின்றான்.

"இல்லைங்க மேடம்" என்றான்.

அது சரியான விடை. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "ரொம்ப சரி, மிஹோ" என்றாள். அவன் போய்க் கதவு மூடிய பிறகும் அவள் கை நீட்டியபடியே இருந்தது.